இளஞ்சிவப்பும் பச்சையும்: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்பது என்ன சங்கம்?

2024 ஜூலை 10 அன்று, அப்போது அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ் டெக்சாஸ் மாநிலம் டாலஸ் நகரில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற பெண்கள் சங்கத்தின் மாநாட்டில் பேசினார். அரங்கில் சுமார் 20,000 பெண்கள், ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினப் பெண்கள், திரும்பிய பக்கமெல்லாம் அந்தச் சங்கத்தின் நிறங்களான இளஞ்சிவப்பும் பச்சையும். ஜோ பைடன் தேர்தலில் நிற்பாரா, விலகுவாரா என்று அவருடைய கட்சியே குழம்பிக் கிடந்த நேரம் அது. ஜூலை 21ஆம் தேதி பைடன் விலகினார். 24ஆம் தேதி ஹாரிஸ் இண்டியானாபொலிஸில் இன்னொரு பெண்கள் சங்கத்தின் மாநாட்டு மேடையில் இருந்தார், 31ஆம் தேதி ஹூஸ்டனில் மூன்றாவது ஒரு சங்கத்தின் மேடையில். செய்திகளில் இவற்றைக் 'கல்லூரி மாணவியர் சங்கங்கள்' என்று எழுதினார்கள். 59 வயதுப் பெண்மணி, நாட்டின் இரண்டாவது பெரிய பதவியில் இருப்பவர், அதுவும் அந்த நெருக்கடியில், மாணவியர் சங்கங்களில் அவருக்கு என்ன வேலை?

நம் ஊர்ப் பத்திரிகைகள் அந்த வாரங்களில் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் இருந்தன. அவருடைய தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர் அது, அதனால் கோயிலில் சிறப்புப் பூஜை, ஊருக்குள் ஃப்ளெக்ஸ் பேனர். நமக்கு அது சுவாரசியம், சரி. ஆனால் அமெரிக்க அரசியலில் அவருக்காக இரவோடு இரவாகக் களத்தில் இறங்கிய சொந்தபந்தம் என்று ஒன்றைச் சொன்னால் அது அந்த டாலஸ் சங்கம்தான், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. அதைப் புரிந்துகொள்ள 1890களிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

1. சொராரிட்டி: அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் மட்டும் சேரும் சங்கம். ஆண்களுக்கானது ஃபிரட்டர்னிட்டி. இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைப்பது அங்கே பழைய வழக்கம். அதனால்தான் ஆல்ஃபா, கப்பா, டெல்டா என்றெல்லாம் வருகிறது. அதைத் தாண்டி கிரேக்க நாட்டுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் தேட வேண்டாம்.

2. ஏ.கே.ஏ.: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் சுருக்கம். கறுப்பினப் பெண்கள் தொடங்கிய முதல் சொராரிட்டி. தொடங்கிய ஆண்டு 1908. ஹாரிஸ் 1986இல் மாணவியாக இருந்தபோது சேர்ந்தது இதில்தான்.

3. டிவைன் நைன்: கறுப்பினத்தவரின் ஒன்பது பெரிய சங்கங்களைச் சேர்த்துச் சொல்லும் பெயர். நான்கு பெண்களுடையவை, ஐந்து ஆண்களுடையவை. இவற்றின் பொதுக் குழு 1930இல் வாஷிங்டனில் உருவானது. பெண்களுடைய நான்கு: ஏ.கே.ஏ., டெல்டா சிக்மா தீட்டா (1913), ஸீட்டா ஃபை பீட்டா (1920), சிக்மா காமா ரோ (1922). மேலே சொன்ன இண்டியானாபொலிஸ் மாநாடு ஸீட்டாவுடையது, ஹூஸ்டன் மாநாடு சிக்மா காமா ரோவுடையது.

4. எச்.பி.சி.யு.: வெள்ளையர் கல்லூரிகள் கதவை மூடியிருந்த காலத்தில் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள். வாஷிங்டனில் 1867இல் தொடங்கிய ஹவர்டு பல்கலைக்கழகம் (ஹார்வர்டு வேறு) இவற்றில் மிகப் பெயர் பெற்றது. ஹாரிஸ் படித்தது இங்கே.

இதோடு ஒரு விஷயம் சேர்த்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும். வெள்ளையர் சொராரிட்டி பலருக்கும் கல்லூரியோடு முடிகிற கதை. விடுதி, விருந்து, தோழிகள், பட்டம் வாங்கியதும் பழைய நினைவு. கறுப்பினச் சொராரிட்டியில் பட்டம் வாங்கிய பிறகுதான் பெரும்பகுதி வேலையே ஆரம்பிக்கிறது. பட்டதாரிகளுக்கென்று ஊர் ஊராகத் தனிக் கிளைகள் உண்டு, சந்தா உண்டு, மாதக் கூட்டம் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது சேராதவர்கள் நாற்பது ஐம்பது வயதில் பட்டதாரிக் கிளை வழியாகச் சேர்வதும் சாதாரணம். உறுப்பினர் இறந்தால் சங்கமே வந்து தனிச் சடங்கு செய்து வழியனுப்புகிறது. ஆகவே 'மாணவியர் சங்கம்' என்ற சொல்லே நம்மைத் தவறான திசைக்குக் கொண்டுபோகிறது.

1896: சங்கம் கட்டவேண்டிய நிலைமை

அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. முப்பது ஆண்டுக்குள் தென்மாநிலங்கள் ரயில் பெட்டி, பள்ளி, மருத்துவமனை என்று எல்லாவற்றையும் நிறத்தின்படி பிரித்துவிட்டன. 1896 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் 'பிரித்து வைத்தாலும் சமமாக இருந்தால் போதும்' என்று தீர்ப்பு எழுதியது. பிரிப்பது நடந்தது, சமமாக வைப்பது நடக்கவே இல்லை.

கறுப்பினப் பெண்களுக்கு இதற்கு மேலும் ஒரு அவமானம். 1895இல் மிசௌரி மாநிலப் பத்திரிகையாளர் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் ஜாக்ஸ் என்பவர், கறுப்பினப் பெண்கள் ஒழுக்கம் கெட்டவர்கள், திருடிகள், பொய்யர்கள் என்ற பொருளில் இங்கிலாந்தில் இருந்த ஒரு சமூக ஆர்வலருக்குக் கடிதம் எழுதினார். கறுப்பினத்தவர் மீதான கும்பல் கொலைகளுக்கு எதிராகக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் இங்கிலாந்தில் பேசி ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார், அதை முறியடிக்கத்தான் இந்தக் கடிதம். விளைவு நேர்மாறாக ஆனது. பாஸ்டனில் ஜோசஃபின் செயின்ட் பியர் ரஃபின் நாடு முழுக்க இருந்த கறுப்பினப் பெண்கள் மன்றங்களைக் கூட்டினார். அடுத்த ஆண்டு, 1896 ஜூலையில், இரண்டு பெரிய அமைப்புகள் வாஷிங்டனில் ஒன்றாக இணைந்து 'கறுப்பினப் பெண்கள் தேசியச் சங்கம்' பிறந்தது. முதல் தலைவர் மேரி சர்ச் டெரெல். அடிமைகளைத் தப்புவித்துக் கூட்டிவந்த ஹேரியட் டப்மன் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'நாங்கள் ஏறும்போதே மற்றவர்களையும் தூக்கிவிடுவோம்' என்பது இவர்கள் வைத்துக்கொண்ட வாசகம். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்குப் பள்ளி, முதியோர் இல்லம், வேலை தேடி நகரத்துக்கு வரும் பெண்களுக்குத் தங்குமிடம் என்று ஊருக்கு ஊர் வேலை நடந்தது. அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் வாஷிங்டனில் வாழ்ந்த வீடு கடனில் மூழ்கப் பார்த்தபோது அடமானத்தை அடைத்து மீட்டதும் இவர்கள்தான். இன்று அது தேசிய நினைவிடம்.

இந்த வாசகத்துக்குள் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஏறிக்கொண்டிருக்கும் படித்த பெண், கீழே இருக்கும் படிக்காத பெண், இவர் அவரைத் தூக்குகிறார். 'நாங்கள் மரியாதையான பெண்கள்' என்று வெள்ளையருக்கு நிரூபித்துக் காட்டும் பதற்றமும் அதில் கலந்திருந்தது. இந்தச் சிக்கல் பின்னால் சொராரிட்டிகளுக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

1908: ஹவர்டில் சில மாணவிகள்

எத்தல் ஹெட்ஜ்மன் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து ஹவர்டில் படிக்க வந்தவர். அங்கே பாடம் நடத்திய எத்தல் ராபின்சன் என்ற ஆசிரியை, தான் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பார்த்த பெண்கள் சங்கங்களைப் பற்றிச் சொல்ல, இவருக்கு அந்த எண்ணம் பிடித்துக்கொண்டது. 1908 ஜனவரி 15 அன்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா தொடங்கியது. முதலில் ஒன்பது பேர், சில வாரங்களில் இளைய வகுப்பிலிருந்து ஏழு பேர். 1913இல் சட்டப்படி பதிவு செய்யும்போது சேர்ந்த நால்வரையும் நிறுவனர் என்றே கணக்கில் கொள்வதால் மொத்தம் இருபது. சங்கச் சின்னத்தில் இருபது முத்துகள் இருப்பது இதனால்தான். ஹாரிஸ் கழுத்தில் அடிக்கடி முத்துமாலை ஏன் என்று கேட்டவர்களுக்கும் விடை கிடைத்திருக்கும்.

இந்த இருபதில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லூசி டிக்ஸ் ஸ்லோ 1917இல் கறுப்பினத்தவரின் அமைப்பான அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் பெண்கள் பட்டத்தை வென்றார். தேசிய அளவில் விளையாட்டுப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 1922இல் ஹவர்டில் மாணவியருக்குப் பொறுப்பான டீன் ஆகி, மாணவிகளைச் சிறுபிள்ளைகளைப்போல் நடத்தும் விதிகளை எதிர்த்து நிர்வாகத்தோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டார். இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் வெறும் தேநீர் விருந்தோடு நின்றிருக்காது என்பது தெரிகிறதல்லவா.

ஆனாலும் முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது, அதுதான் சண்டைக்கும் காரணம். 1912இல் அன்றைய மாணவ உறுப்பினர்கள் 22 பேர் பெயர், நிறம், நோக்கம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அரசியலில் இறங்க வேண்டும் என்றார்கள். படிப்பை முடித்து ஆசிரியையாக இருந்த நெல்லி குவாண்டர் ஒத்துக்கொள்ளவில்லை. 22 பேரும் பிரிந்து 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். 22 பேரும் பிரிந்து 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள்.

டெல்டாவின் முதல் பொது வேலை அதே ஆண்டு மார்ச் 3ஆம் தேதி. வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைப் பேரணி, மறுநாள் உட்ரோ வில்சன் அதிபராகப் பதவியேற்கிறார். தென்மாநில வெள்ளைப் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்குத் தள்ளப் பார்த்தார்கள். ஐடா பி. வெல்ஸ் அதை ஏற்காமல், தன் இல்லினாய் மாநில அணி வரும்போது கூட்டத்திலிருந்து இறங்கி நடுவில் சேர்ந்துகொண்டார். டெல்டா மாணவிகளோடு நடந்தவர் மேரி சர்ச் டெரெல். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. தென்மாநிலக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அது நிஜத்தில் கைக்கு வந்தது 1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு.

மிசிசிப்பி: காரே மருத்துவமனை

ஏ.கே.ஏ. செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐடா லூயிஸ் ஜாக்சன் மிசிசிப்பியின் விக்ஸ்பர்கில் பிறந்து கலிஃபோர்னியாவுக்குப் போனவர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கே ஏ.கே.ஏ. கிளையைத் தொடங்கி, ஓக்லண்ட் நகரப் பள்ளிகளில் முதல் கறுப்பின ஆசிரியை ஆனவர். (ஹாரிஸ் பிறந்ததும் இதே ஓக்லண்டில்தான், அவருடைய அம்மா சியாமளா ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்ததும் இதே பெர்க்லிக்குத்தான்.) 1933இல் ஜாக்சன் சங்கத்தின் தேசியத் தலைவரானார். 1934 கோடையில் மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டத்தில், லெக்சிங்டன் என்ற ஊரில், கிராமத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தினார். ஆசிரியர்களில் பலரே அதிகம் படித்தவர்கள் கிடையாது, பள்ளிக்கூடங்கள் என்ற பெயரில் இருந்தவை கொட்டகைகள். போன இடத்தில் அவர்கள் பார்த்தது வேறொன்று: பிள்ளைகள் பாடம் படிக்கும் நிலையிலேயே இல்லை. பசி, மலேரியா, சத்துக் குறைவு, சொத்தைப் பல், தடுப்பூசி என்பதையே பார்த்திராத உடம்பு.

ஆகவே 1935இல் திட்டம் மாறியது. டாக்டர் டோரதி போல்டிங் ஃபெரபி தலைமையில் மருத்துவர்கள், செவிலியர், ஆசிரியைகள் கொண்ட குழு கிளம்பியது. எல்லோரும் தங்கள் கோடை விடுமுறையைக் கொடுத்து வந்த தொண்டர்கள், செலவு சங்கத்து உறுப்பினர்களின் பணம். ரயிலில் கறுப்பினப் பெண்கள் பட வேண்டிய பாட்டை நினைத்து, சொந்தக் கார்களில் ஆயிரம் மைலுக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியில் தங்க விடுதி தர மாட்டார்கள், சாப்பிட உணவகம் உள்ளே விடாது.

லெக்சிங்டனில் முகாம் போட்டுக் காத்திருந்தால் ஆளே வரவில்லை. காரணம் எளிது. அங்கே கறுப்பினக் குடும்பங்கள் பெரும்பாலும் பருத்திப் பண்ணைகளில் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிர் செய்தவர்கள். நிலம் பண்ணையாருடையது, விதையும் சாப்பாட்டுச் சாமானும் பண்ணையார் கடையில் கடன், அறுவடையில் கணக்குப் பார்த்தால் எப்போதும் கடன்தான் மிச்சம். பண்ணையை விட்டு ஒரு நாள் வெளியே போக அவர் அனுமதி வேண்டும். வடக்கிலிருந்து படித்த கறுப்பினப் பெண்கள் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றால், தொழிலாளர் சங்கம் ஆரம்பிக்க வந்திருப்பார்களோ என்றுதான் பண்ணையாருக்கு முதலில் தோன்றியது. அனுப்ப மறுத்துவிட்டார்கள்.

நோயாளி வரமுடியாவிட்டால் நாம் போவோம் என்று முடிவானது. மருந்தையும் ஊசியையும் கார்களில் ஏற்றி, பண்ணை பண்ணையாகப் போனார்கள். மர நிழலில், தேவாலயத்தில், பருத்திக் காட்டோரத்தில் முகாம். பண்ணையாரின் ஆட்கள் துப்பாக்கியோடு குதிரையில் சுற்றிவந்து என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டதை ஃபெரபி பின்னால் விவரித்திருக்கிறார். பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி, பல் மருத்துவம், பிள்ளைகளுக்கு உணவு பற்றிய வகுப்பு, கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை என்று எல்லாம் அந்தக் கார்களிலிருந்தே நடந்தது. பிற்பாடு பொலிவர் மாவட்டத்துக்கும் போனார்கள். 1942 வரை கோடைதோறும் தொடர்ந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஊசி போட்டு முடித்தார்கள். போர்க்காலத்தில் பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்ததும் திட்டம் நின்றது. கார் ஓடாவிட்டால் மருத்துவமனையும் இல்லை, அவ்வளவுதான்.

இதே ஆண்டுகளில் பக்கத்து மாநிலமான அலபாமாவின் டஸ்கீகியில் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை, கிரந்தி (சிஃபிலிஸ்) நோய் வந்த கறுப்பின ஆண்களுக்குச் சரியான சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. 1932இல் தொடங்கிய அந்தக் கொடுமை 1972 வரை நடந்தது. அரசு என்ன செய்தது, சந்தா கட்டிய பெண்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சேவையிலிருந்து சட்டத்துக்கு

மிசிசிப்பி அனுபவம் சங்கத்தின் யோசனையை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வரிசையாகச் சொன்னால் இப்படி வரும்.

1. பிள்ளைக்கு ஊசி போடலாம். ஆனால் அவன் திரும்பிப் போகும் வீட்டில் சாப்பாடு இல்லை.

2. சாப்பாடு இல்லாததற்குக் காரணம் கூலி, கடன், நில உரிமை. இவற்றை ஆறு வாரக் கோடை முகாம் தொடக்கூட முடியாது.

3. இவற்றைத் தொடக்கூடியது சட்டம். ஆனால் 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலையாட்களையும் வெளியே விட்டுவிட்டது. தென்மாநிலக் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள்.

4. ஆகவே சட்டம் எழுதும் இடத்தில் ஆள் வேண்டும்.

1938இல் ஏ.கே.ஏ. வாஷிங்டனில் அதைத்தான் செய்தது. சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான நார்மா பாய்ட் முன்னின்று, எந்தக் கட்சியையும் சேராத ஒரு அலுவலகம் தொடங்கி, நாடாளுமன்றத்தில் வரும் மசோதாக்களைக் கவனிக்கவும் கறுப்பினத்தவருக்காக வாதாடவும் ஏற்பாடு செய்தார். அதுவரை சிறுபான்மையினர் யாரும் இந்த மாதிரி நிரந்தர ஏற்பாடு வைத்திருந்ததில்லை. 1948இல் மற்றச் சங்கங்களையும் சேர்த்து அது பெரிய கூட்டமைப்பாக மாறியது. தொண்டு செய்யும் இயக்கங்கள் பல 'எங்களுக்கு அரசியல் வேண்டாம்' என்று சொல்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வித்தியாசமாகப் படலாம். பண்ணையார் ஆட்கள் துப்பாக்கியோடு சுற்றிவரும்போது ஊசி போட்டவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய்ப்பே இருக்கவில்லை.

1965இல் லிண்டன் ஜான்சன் ஆட்சியின் வறுமை ஒழிப்புத் திட்டத்தில், கிளீவ்லண்ட் நகரில் இளம்பெண்களுக்கான வேலைப் பயிற்சி மையத்தை நடத்தும் பொறுப்பும் ஏ.கே.ஏ.வுக்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுக்கு முன் அரசு கைவிட்ட இடத்தில் சொந்தக் காசில் வேலை செய்தவர்கள், இப்போது அரசுப் பணத்தில் அரசுத் திட்டத்தை நடத்தினார்கள்.

பக்கத்தில் இன்னொரு அமைப்பு, ஒரு பன்றி வங்கி

ஏ.கே.ஏ.வோடு குழப்பிக்கொள்ளக் கூடாத, ஆனால் அதே பெண்கள் பலர் இருந்த இன்னொரு அமைப்பு, கறுப்பினப் பெண்கள் தேசியக் குழு. மேரி மெக்லௌட் பெத்யூன் 1935இல் நியூயார்க்கில் தொடங்கியது. இது சொராரிட்டி கிடையாது, பல சங்கங்களை ஒரே குடையில் கொண்டுவந்த கூட்டமைப்பு. மிசிசிப்பிக் குழுவை நடத்திய ஃபெரபி இதற்கும் தலைவராக இருந்தார். அவருக்குப் பின்னால் வந்த டோரதி ஹைட், டெல்டாவின் முன்னாள் தேசியத் தலைவர், 1957இலிருந்து நாற்பது ஆண்டுகள் இதை நடத்தினார்.

இவர்கள் 1960களின் கடைசியில் செய்த ஒரு காரியம் அவ்வளவு அழகான கணக்கு. மிசிசிப்பியின் சன்ஃபிளவர் மாவட்டத்தில் ஃபேனி லூ ஹேமர் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறையில் அடிபட்டவர். வாக்காளராகப் பதிந்தால் பண்ணையை விட்டே துரத்துவார்கள் என்பது அவருக்கே நடந்தது. சாப்பாட்டுக்குப் பண்ணையாரை நம்பியிருக்கும்வரை வாக்குரிமை ஏட்டுச் சுரைக்காய் என்று கண்ட அவர் கூட்டுப் பண்ணை தொடங்கினார். தேசியக் குழு பெண் பன்றிகளையும் சில ஆண் பன்றிகளையும் வாங்கிக் கொடுத்தது. சினைப் பன்றி ஒன்றை ஒரு குடும்பம் எடுத்துப் போகும், குட்டி போட்டதும் தாயை வங்கிக்குத் திருப்பித் தரும், குட்டிகளில் சிலவற்றையும் வங்கிக்குக் கொடுக்கும், மிச்சம் குடும்பத்துக்கு. வட்டி குட்டி போடும் என்று நாம் பேச்சுக்குச் சொல்வது அங்கே நிஜமாகவே நடந்தது, ஆனால் கடன் வாங்கியவருக்குச் சாதகமாக.

இப்போது எப்படி இயங்குகிறது

ஏ.கே.ஏ.வில் இன்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள், அமெரிக்காவுக்கு வெளியிலும் உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை பெரிய மாநாடு, அதன் பெயர் பூலே. டாலஸில் நடந்தது அதுதான். தேசியத் தலைமை நாலாண்டுக்கு வேலைத் திட்டத்தை வகுத்துக் கொடுக்கும், கிளைகள் தங்கள் ஊருக்கு ஏற்றபடி செய்யும்: கல்லூரி உதவித்தொகை, பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவுப் பை, மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை, வாக்காளர் பதிவு. 2023இல் சங்கமே டிஜிட்டல் கடன் கூட்டுறவு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. வங்கிகள் கறுப்பினப் பெண்களுக்குக் கடன் தரத் தயங்குவது பழைய கதை.

பணமும் அரசியலும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதில்தான் செய்தி படிப்பவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். மூன்று தனிப் பெட்டிகள் இருக்கின்றன.

1. சங்கம். சந்தாவில் நடக்கிறது. வேட்பாளர் யாரையும் சங்கமாக ஆதரித்து அறிவிப்பதில்லை, ஹாரிஸ் உறுப்பினர் என்றாலும்கூட. 2024 ஜூலையில் டிவைன் நைன் தலைவர்கள் சேர்ந்து அறிவித்தது வாக்காளர்களைத் திரட்டும் வேலையைத்தான், யாருக்கு வாக்கு என்பதை அதில் சொல்லவில்லை. (ஊருக்கே தெரியும் என்பது வேறு விஷயம்.)

2. அறக்கட்டளை. 1980இல் தொடங்கியது. கல்வி உதவித்தொகை தருகிறது. வரிவிலக்குக்கு உரிய நன்கொடை வாங்கும் அமைப்பு என்பதால் தேர்தல் பிரசாரத்தில் இறங்கவே கூடாது.

3. அரசியல் நிதிக் குழு. 2024 ஆகஸ்டில் பதிவானது. வேட்பாளர்களுக்குப் பணம் தரச் சட்டப்படி அமைத்த தனி ஏற்பாடு. 116 ஆண்டுப் பழமையான சங்கம் இதைத் தொடங்கியது முதல் முறை.

இது தவிர உறுப்பினர்கள் தனித்தனியாகக் கொடுப்பது இருக்கிறது. 2020இல் ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளர் என்று அறிவித்ததும் 19 டாலர் 8 சென்ட் என்ற விசித்திரத் தொகையில் நன்கொடைகள் குவிந்தன. 1908ஐப் பணமாக எழுதினால் 19.08. யார் சொல்லி அனுப்பியது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை, கையெழுத்து தொகையிலேயே இருந்தது. 2024இல் பைடன் விலகிய இரவே கறுப்பினப் பெண்கள் சுமார் 44,000 பேர் ஒரே ஜூம் அழைப்பில் கூடி, சில மணி நேரத்தில் 15 லட்சம் டாலர் திரட்டினார்கள். அந்த அழைப்பை நடத்தியது எந்தச் சொராரிட்டியும் அல்ல, வேறொரு கூட்டமைப்பு. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் அத்தனை பேரைக் கூப்பிட முடிந்ததற்கு, நூறாண்டாகக் கிளைகளில் பழகிய பழக்கம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

குறைகள் இல்லாமல் இல்லை

மேட்டுக்குடித்தனம் என்ற குற்றச்சாட்டு வெளியிலிருந்து வந்ததில்லை, உள்ளிருந்தே வந்தது. ஹவர்டிலேயே பேராசிரியராக இருந்த சமூகவியலாளர் ஈ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் 1950களில் கறுப்பின நடுத்தர வர்க்கத்தையும் அதன் சங்கங்களையும் வெளுத்து வாங்கினார்: வெள்ளையர் சமூகத்தைப் பார்த்துப் போலி செய்து, ஆடையிலும் விருந்திலும் பணத்தைக் கரைக்கிறார்கள் என்று. வெளிர் நிறத் தோல் கொண்டவர்களுக்கே முன்னுரிமை என்ற புகாரும் நெடுநாள் இருந்தது. கல்லூரிப் படிப்பு இல்லாவிட்டால் இன்றும் இடமில்லை, சேரும் கட்டணமும் குறைவில்லை. ஃபேனி லூ ஹேமர் மாதிரி ஆறாம் வகுப்போடு நின்ற பருத்திக் கூலிப் பெண் சாதாரண வழியில் இதற்குள் வரவே முடியாது.

இதைவிடக் கனமானது ராகிங். புதிதாகச் சேர்பவர்களை வதைக்கும் பழக்கம் அமெரிக்கக் கல்லூரிச் சங்கங்கள் எல்லாவற்றிலும் உண்டு, கறுப்பினச் சங்கங்களிலும் உண்டு. 1990இல் டிவைன் நைன் குழு பழைய சேர்க்கை முறையையே ஒழித்தது. ஆனாலும் அது ரகசியமாகத் தொடர்ந்தது, பிறகும் மரணங்கள் நடந்தன, வழக்குகள் வந்தன. 'சகோதரி' என்று கூப்பிடும் இடத்தில் இப்படி நடப்பதற்குச் சங்கங்கள் சொன்ன எந்த விளக்கமும் எனக்குப் போதுமானதாகப் படவில்லை.

2024 நவம்பருக்குப் பிறகு

ஹாரிஸ் தோற்றார். வாக்களித்த கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் அவருக்குத்தான் போட்டார்கள் என்று வாக்குச்சாவடிக் கணிப்புகள் காட்டின. வாக்களித்தவர்களிடம் அந்தப் பக்கம் கூடுதலாகப் பெற இனி அதிகம் மிச்சம் இல்லை என்பதுதான் அதன் பொருள். ஒரு சங்கம் தன் ஆட்களை முழுதாகக் கூட்டிவரலாம், ஆனால் அவர்கள் நாட்டின் வாக்காளர்களில் சிறு பங்கு.

அதே தேர்தலில் மேரிலாண்டிலிருந்து ஏஞ்சலா ஆல்சோபுரூக்ஸ், டெலவேரிலிருந்து லிசா பிளண்ட் ராசெஸ்டர் என்று இரண்டு கறுப்பினப் பெண்கள் செனட்டுக்குத் தேர்வானார்கள். ஒரே சமயத்தில் இரண்டு கறுப்பினப் பெண்கள் செனட்டில் இருப்பது அந்த நாட்டு வரலாற்றில் இதுவே முதல் முறை. இருவரும் டெல்டா உறுப்பினர்கள், அதாவது 1912இல் 'அரசியலில் இறங்க வேண்டும்' என்று சண்டை போட்டுப் பிரிந்துபோன அந்த 22 பேரின் சங்கம்.